பக்கிரிசாமி திருப்பிக் கொடுத்த சாவி

லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த கார், சித்திரை பிறந்ததிலிருந்து பன்னிரண்டைத் தாண்டவில்லை. தறி ஒன்றை விற்று அந்தக் காரை வாங்கி, நகரியிலிருந்து திருப்பதிக்கு வாடகைக்கு விட்டிருந்தாள் தாட்சாயணி. டிரைவர் பக்கிரிசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று வருஷமாக அவர்தான் ஓட்டுகிறார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அவளுடைய தம்பி ஹரிபிரசாத் நாலு முறை சொல்லிவிட்டான். "பெட்ரோல் எங்கியும் ஆவியாப் போவாதுக்கா. டேங்குல டியூப் போட்டு எடுத்துக்கினு இருக்காரு. கேட்டாத்தான் தெரியும்."

தாட்சாயணி கேட்கவில்லை. கேட்க வாய் வரவும் இல்லை. ஆனால் அவன் கேட்டுவிட்டான், அதுவும் கார் ஸ்டாண்டில் ஏழெட்டு டிரைவர்கள் நின்றுகொண்டிருக்கும்போது, அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் பக்கிரிசாமி வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. சாவியை நீட்டினார்.

"நீயே ஓட்டிப் பாரும்மா. அப்பயும் கொறைஞ்சா அது வண்டி துன்ன பெட்ரோலு. கொறையலன்னா நான் துன்னது."

"அண்ணா, அவன் ஏதோ..."

"இல்லன்னு நீ சொல்லலியேம்மா."

சாவியை அவள் கையில் வைத்தார். தன் ஊரான விஜயபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

லைசென்ஸ் வாங்கியதோடு காரைத் தொடாமல் இருந்தவள் மறுநாள் விடியற்காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பங்கில் டேங்க் நிரம்பப் பெட்ரோல் போட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டாள். புத்தூர் வரை கை வியர்த்தது. அப்புறம் பழகிவிட்டது. இரண்டு நாளில் திருப்பதிக்கும் திருச்சானூருக்குமாக இருநூற்று நாலு கிலோமீட்டர். வண்டியை விட்டு அவள் நகரவில்லை, ராத்திரி ஷெட்டைப் பூட்டிச் சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அதே பங்கில் மறுபடி நிரப்பினாள். பதினேழு லிட்டர் பிடித்தது.

மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். அதே பன்னிரண்டு.

பின்னால் வண்டி நிற்கிறது என்று பங்குக்காரர் சொல்லும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நகரியில் ஏர் ஃபில்டரை மாற்றிப் பார்த்தார்கள். பிளக்கைத் துடைத்தார்கள், டயருக்குக் காற்று ஏற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ரேணிகுண்டாவில் சுரேஷ்பாபு என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் இஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இஞ்சின் பாகுந்தி, இதுல ஒரு கொறையும் இல்ல. ஓட்டும்போது உங்களுக்கு இன்னா தோணுது?"

தாட்சாயணி யோசித்தாள். "ஆக்ஸிலேட்டர்லருந்து கால எடுத்தா வண்டி சட்டுனு அடங்கிப்போவுது. எவனோ பின்னாலருந்து இழுத்துப் புடிக்கிற மாதிரி. எல்லா காரும் அப்பிடித்தான்னு நெனச்சினு இருந்தேன்."

சுரேஷ்பாபு எழுந்துவிட்டார். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டினார். முடிந்தவரை பிரேக்கைத் தொடவே இல்லை. திரும்பி வந்து நிறுத்தியதும், "ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் கைய வெச்சிப் பாருங்க, தொடாதீங்க" என்றார். முன்சக்கரங்கள் இளஞ்சூடு. பின்சக்கரத்தருகே கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தோசைக்கல் போல அனல் அடித்தது.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அரைச் சுற்று போய், உரசி நின்றது.

"ஹேண்ட் பிரேக் கேபிள யாரோ அளவுக்கு மேல இறுக்கி வெச்சிருக்காங்க. லீவர எறக்கினாக்கூட பிரேக் உள்ள புடிச்சினேதான் இருக்குது. பிரேக்க இழுத்துக்கினே ஓடினா பெட்ரோல் எப்பிடிம்மா நிக்கும்?"

தேய்ந்த பிரேக் ஷூவை மாற்றிக் கேபிளைத் தளர்த்தினார். இப்போது சக்கரம் தள்ளிவிட்டதும் தன்போக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

ரேணிகுண்டாவிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே விஜயபுரத்துக்கு ஓட்டினாள். பக்கிரிசாமி களத்தில் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார்.

"இறுக்கச் சொன்னது நான்தாம்மா."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"பங்குனி கடைசியில ஒரு மேட்டுல நிறுத்தினேன். புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு ஒரு கால கீழ வெக்கும்போது வண்டி பின்னால நவுந்துபோச்சி. பயந்துட்டேன். ரோட்டோரக் கடையில காட்டி, நல்லா இறுக்கிக் கட்டுன்னேன். என் கைக்காசுதான், அதான் உன்கிட்ட சொல்லல. பெட்ரோல் அதுலதான் போவுதுன்னு எனக்குத் தோணவே இல்ல."



"தப்பு என்னுதுதாண்ணா" என்றாள் தாட்சாயணி. "அவன் கேட்டப்ப நான் தடுத்திருக்கணும். மனசுல நானும் சந்தேகப்பட்டேன். வண்டிக்கு வாங்க."

"இங்க சொன்னா எனக்கு மட்டுந்தானே கேக்கும்? அன்னிக்கி எட்டு பேரு கேட்டாங்கோ."

மறுநாள் காலை ஸ்டாண்டில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கிரிசாமியையும் வரச்சொல்லி, ஹரிபிரசாத்தையும் கூட்டிக்கொண்டு போனாள். சுரேஷ்பாபு சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். "பக்கிரிசாமியண்ணா ஒரு சொட்டு எடுக்கல. எங்க நெனப்புதான் கெட்டுப்போச்சி" என்று முடித்தாள். ஹரிபிரசாத் தலையைக் குனிந்தபடி, "மன்னிச்சிருங்கண்ணா" என்றான். பக்கிரிசாமி சாவியை வாங்கிக்கொண்டு, கார் கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

கார் பழையபடி பதினேழு கொடுக்கிறது. ஆனால் பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் பக்கிரிசாமி மீட்டரையும் ரசீதையும் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புகிறார். வேண்டாம் என்று பலமுறை சொல்லிவிட்டாள். "சரிம்மா" என்பார். அடுத்த முறையும் அனுப்புவார்.