நான்கு புள்ளி

ரெனாந்தே கல்யேகோ ரொட்டியைப் பாதிவரை காப்பியில் முக்கி வைத்திருந்த நேரத்தில்தான் கைபேசியில் 'துடுப்பு' வந்து விழுந்தது. திறந்தான். முக்கிய பாதி ரொட்டி அறுந்து காப்பிக்குள் மூழ்கியது. அதை மீட்க அவன் எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

'துடுப்பு' என்பது பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்காக மாதாமாதம் வரும் செய்திமடல். எட்டுப் பக்கம். முதல் ஏழில் செய்திகள்: எங்கே பயிற்சி நடந்தது, யார் நாடா வெட்டினார், வெட்டியவர் பக்கத்தில் யார் யார் நின்றார்கள். எட்டாம் பக்கத்தில் 'உங்கள் பணிப் பாதை'. பதவி உயர்வுக்கு எந்தச் சான்றிதழுக்கு எத்தனை புள்ளி, எந்தப் பயிற்சிக்கு எத்தனை புள்ளி என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். மற்ற ஆசிரியர்கள் அந்தப் பக்கத்துக்கு வருமுன்பே கைபேசியை மூடிவிட்டு மனிதர்களாக வாழப் போய்விடுவார்கள். ரெனாந்தே பதினோரு வருடமாக முதல் ஏழு பக்கங்களை விரலால் தள்ளிவிட்டு நேரே எட்டுக்குப் போகிறவன். அவனுடைய கண்ணாடித்தாள் கோப்பில் நாற்பத்து மூன்று சான்றிதழ்கள் இருந்தன. டெங்கு ஒழிப்பு, பேரிடர் தயார்நிலை, ஸும்பா. 'சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்குவது எப்படி' என்று ஒருநாள் பயிலரங்கு நடந்தது. அதற்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை எங்கே அடுக்குவது என்பது மட்டும் பயிலரங்கில் சொல்லித்தரப்படவில்லை.

அன்று முதல் பக்கத்தைத் தள்ள முடியவில்லை. படத்தில் மனாங் பிரிமி நின்றாள். கடற்கரையில் கருவாடு காயவைக்கிற, அறுபத்தொரு வயதான, ஊரே 'மனாங்', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற பிரிமி. கையில் ஒரு தாள், தாளில் அவள் பெயர், அவளே எழுதியது. பக்கத்தில் அவனுடைய சக ஆசிரியை ஷெரில்மே கர்காரிட்டா, எல்லாப் பற்களும் தெரிய. மேலே தலைப்பு: 'கட்டை விரலிலிருந்து பேனாவுக்கு: இருபதே நாளில்!'

இருபதே நாள்.

அந்தக் கடற்கரை வகுப்பை எட்டு மாதம் நடத்தியவன் ரெனாந்தே. கிம்பால் என்ற கடலோர ஊரின் பதினாறு கிராமங்களில் மோட்டார் சைக்கிளில் சுற்றுகிற அவன் வேலைக்கு 'நடமாடும் ஆசிரியர்' என்று பெயர். எட்டாவது மாத முடிவில் கிராமங்களைப் புதிதாகப் பிரித்தபோது கடற்கரை ஷெரில்மேக்குப் போயிற்று. இருபதாம் நாள் படம் எடுத்தாள். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினான். மனாங்கின் குடும்பப் பெயர் கென்டெரோய். கிம்பாலில் எல்லோருடைய குடும்பப் பெயரும் ஆங்கில ஜி எழுத்தில்தான் தொடங்கும். அந்தக் காலத்தில் நாட்டை ஆண்ட ஸ்பெயின்காரர்கள் அகரவரிசைக் குடும்பப் பெயர்ப் பட்டியலைத் தாள் தாளாகக் கிழித்து ஊருக்கு ஒன்றாகக் கொடுத்தபோது இங்கே விழுந்த தாள் அது. அதனால் இங்கே யாருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாலும் ஏ-யிலிருந்து தொடங்குவது மடத்தனம். ரெனாந்தே ஜி-யிலிருந்து தொடங்குவான். அதையும் சும்மா போடமாட்டான். கடைசி வளைவில் உள்பக்கமாக ஒரு சின்ன முள் வைப்பான், தூண்டிலில் இருப்பதுபோல. மீனவர்களுக்கு மறக்காது.

படத்தில் மனாங்கின் ஜி-யில் முள் இருந்தது. முள் அவனுடையது. பற்கள் மட்டும் ஷெரில்மேயுடையவை.

ஆசிரியர்களின் கைபேசிக் குழுவில் வாழ்த்துகள் குவிந்துகொண்டிருந்தன. ஒவ்வொருவரும் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார்கள். ரெனாந்தே 'வாழ்த்துகள், மேம்' என்று தட்டி முற்றுப்புள்ளி வைத்தான். அது முறைப்பதுபோலத் தெரிந்தது. அழித்துவிட்டு ஒரு ஆச்சரியக்குறி போட்டான். மறுபடி யோசித்து இரண்டாக்கினான். மூன்றாவதை அவனால் போட முடியவில்லை.

விஷயம் இதுதான். பதினோரு வருடத்தில் முதல்முறையாக இந்த வட்டாரத்தின் நடமாடும் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு மாஸ்டர் டீச்சர் பதவி வந்திருந்தது. ஆறு பேர் விண்ணப்பித்து, நான்கு பேர் உதிர்ந்து, மிஞ்சியவர்கள் கல்யேகோவும் கர்காரிட்டாவும். நேற்றுவரை கல்யேகோ இரண்டு புள்ளி முன்னால். செய்திமடலின் முதல் பக்கத்தில் வந்தால் ஐந்து புள்ளி என்பது அவனுக்குத் தெரியும். எட்டாம் பக்கம் அவனுக்கு மனப்பாடம். ஆக இப்போது மூன்று புள்ளி பின்னால். மாதக் கடைசி வெள்ளி, மாலை ஐந்து மணிக்குள் கோப்பை ஒப்படைக்க வேண்டும். இன்னும் மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

புதன்கிழமை ஷெரில்மே வட்டார அலுவலகத்துக்கு ஒரு பெரிய தட்டு நிறையப் பன்சித், அந்த ஊர்ச் சேமியா, கொண்டுவந்தாள். பேப்பரில் பெயர் வந்தால் சேமியாவாவது போட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஊர் விடாது. ரெனாந்தே தன் பங்கை எடுத்துக்கொண்டு மூலையில் நின்றான். சகிக்க முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது.

"சார், காலமான்சி பிழியாமயே சாப்பிடுறீங்களே!" அவளே வந்து அந்தக் குட்டி எலுமிச்சையை அவன் தட்டில் பிழிந்துவிட்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சார். நான் 'துடுப்பு'க்கு எழுதி அனுப்பினதுல உங்க பேரும் இருந்துச்சு. எட்டு மாசம் அடித்தளம் போட்டது கல்யேகோ சார்தான்னு ஒரு பத்தியே எழுதியிருந்தேன். எடமில்லன்னு வெட்டிட்டாங்க."

"பரவால்ல மேம். எடம்னா எடம்தானே."

"கோவமில்லையே?"

"எனக்கா? சேச்சே. இன்னும் கொஞ்சம் பன்சித் வைங்க."

பொய் சொல்கிறாள் என்று நம்ப அவன் மிகவும் முயன்றான். அவள் முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. பொய் என்றால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். உண்மையாக இருந்தால் அவளோடு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டாவது தட்டையும் முடித்தான்.

அன்று மாலை எட்டாம் பக்கத்தை மறுபடி படித்தபோது, புள்ளிகளுக்கும் அச்சகத்தின் முகவரிக்கும் நடுவில் அந்த வரி கிடந்தது. 'கற்றவர் தம் சொந்தக் கையெழுத்தில் எழுதிக்கொடுக்கும் சாட்சியத்துக்கு நான்கு புள்ளி. பிறர் சொல்லக் கேட்டோ, பார்த்தோ, எழுத்தின் மேல் எழுதியோ தருவது செல்லாது.' நான்கிலிருந்து மூன்றைக் கழித்தான். மூன்று முறை கழித்தான். ஒவ்வொரு முறையும் ஒன்று வந்தது.

வியாழக்கிழமை விடியலில் கடற்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். மனாங் பிரிமி மூங்கில் தட்டிகளில் மீனை விரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைக் கீறிப் புத்தகம்போலத் திறந்த மீன்கள், வரிசை வரிசையாக, ஒரே அளவில்.

"சாரா? வழி தப்பிட்டீங்களா? கடற்கரை இப்ப மேமுக்கில்ல போயிருச்சு."

"மனாங், உங்களுக்கு யாரு எழுதச் சொல்லிக்கொடுத்தாங்கன்னு ஒரே ஒரு வரி எழுதித் தரணும்."

மனாங் கையிலிருந்த மீனைப் பார்த்தாள், பிறகு அவனை. "எனக்கு எம் பேருதான் சார் எழுதத் தெரியும். வரியெல்லாம் யாரு சொல்லிக்கொடுத்தா?"

தனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது இவன்தான் என்று அவள் எழுத வேண்டுமானால், முதலில் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதில் இருந்த நியாயம் ரெனாந்தேயை ஒரு நிமிடம் அப்படியே நிற்கவைத்தது. பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தான்.

அப்படித்தான் தொடங்கிற்று. தன் வகுப்புகளுக்குப் போகுமுன் தினமும் ஒரு மணி நேரம் கடற்கரை. செவ்வாயும் வெள்ளியும் ஷெரில்மேயின் நாட்கள். அந்த நாட்களில் அவள் வருவதற்கு அரை மணி முன்னதாகவே கிளம்பிவிடுவான். பதினோரு வருடத்தில் அவன் இவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியதில்லை. பொறாமைக்கு இத்தனை கற்பித்தல் திறன் உண்டென்று எந்தப் பயிலரங்கிலும் சொன்னதில்லை, அதற்குச் சான்றிதழும் இல்லை. மீன் பெயர்களை எழுதவைத்தான். மருமகள் பெயரை, அவளைத் திட்டும் வார்த்தையை எழுதவைத்தான். திட்டும் வார்த்தை ஒரே நாளில் பிடிபட்டது.

இரண்டாம் வாரம் வழக்கம்போலப் புள்ளி வைத்த தாளை நீட்டினான். அவனுடைய தாள்களெல்லாம் அப்படித்தான். ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகக் குத்தி வைத்திருப்பான், அதன் மேலேயே பேனாவை ஓட்டினால் போதும். உச்சியில் 'ஆசிரியர்: கல்யேகோ' என்று அச்சடித்திருக்கும்.

மனாங் தாளை வாங்கி, மடித்து, மீன் தட்டியின் ஆட்டம் நிற்க அதன் காலுக்கு அடியில் செருகினாள்.

"புள்ளி வேண்டாம் சார்."

"ஏன் மனாங்?"

"எட்டு மாசமா புள்ளி வெச்சுக் குடுத்தீங்க. நானும் அது மேலயே போய்க்கிட்டிருந்தேன். மேம் வந்த மொத நாளே வெள்ளத்தாளக் குடுத்து, கோணலா வந்தாலும் பரவால்ல, நீங்களே போடுங்கன்னாங்க. இந்தத் தூண்டில் முள்ள யாரு குடுத்ததுன்னு வேற கேட்டாங்க. எங்க சாருன்னேன். அழகா இருக்கு, அத விட்டுறாதீங்கன்னாங்க."

ரெனாந்தே கடலைப் பார்த்தான். கடல் எதற்கும் சாட்சி சொல்கிற மாதிரி இல்லை. எட்டு மாதமும் புள்ளிகளை எடுக்க ஏன் தோன்றவில்லை என்று யோசித்தான். எடுத்தால் எழுத்து கோணும். கோணினால் மனாங் வெட்கப்படுவாள் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தான். வெட்கப்பட்டிருக்கக்கூடியது யார் என்ற கேள்வியை, டெங்குச் சான்றிதழ்போல, உள்ளே எங்கோ செருகிவைத்தான்.

அதற்குப்பின் அவனும் வெள்ளைத்தாள்தான் கொடுத்தான். மனாங் எழுதும்போது அவன் விரல்கள் பரபரத்தன. ஒரே ஒரு புள்ளி வைத்தால் அந்த வளைவு நேராகிவிடும். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். அவளுடைய எழுத்துகளெல்லாம் ஒரே உயரத்தில் வந்தன, தட்டியில் காயும் மீன்கள்போல. நெட்டை எழுத்து குட்டை எழுத்து என்ற பேதத்தை மனாங் ஏற்கவில்லை. "எல்லாம் ஒரே கடல்ல வந்ததுதானே" என்றாள்.

மாதக் கடைசி வெள்ளி மதியம் மூன்று மணிக்கு வந்தான். ஷெரில்மே காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தாள். குடிசைக் கம்பில் அவள் மாட்டியிருந்த கரும்பலகையில் 'இன்றைய ஆசிரியர்' என்று போட்டு அவள் பெயர். அவனுக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மனாங் ஒரு அலுமினியப் பேசினைக் கவிழ்த்து மேசையாக்கினாள். அவன் படிவத்தை விரித்து, ஓட்டுச்சாவடி அதிகாரியின் குரலில், எந்தப் பக்கமும் சாயாமல் படித்தான்:

"உங்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது யார்?"

"முழு வாக்கியமா எழுதணுமா, பேரு போதுமா?"

"முழு வாக்கியமாத்தான் கேக்குறாங்க மனாங்."

"சரி. ஆனா சாரு, மேமுன்னெல்லாம் எழுதமாட்டேன். அது கூப்பிடுறதுக்கு. பேப்பர்ல பேரு போதும்." பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். படிவத்தைப் பார்த்தாள். "ரெண்டு பேரு எழுத எடமிருக்கா?"

படிவத்தில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. கீழே நாலு விரல்கடை வெறுமையாகக் கிடந்தது. இன்னொரு கோடு போட பென்சிலும் அடிக்கோலும் அவன் சட்டைப் பையிலேயே இருந்தன.

"ஒரு கோடுதான் இருக்கு, மனாங்" என்றான். சட்டைப் பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

மனாங் எழுதத் தொடங்கினாள். எனக்கு. நாக்கு நுனி வெளியே வந்தது. எழுத. ஒரு எழுத்தை விட்டுவிட்டு, தானே கண்டுபிடித்து, மேலே செருகினாள். அவனைப் பார்க்கவே இல்லை. அவன் அங்கே இருப்பதையே மறந்துவிட்டவள்போல இருந்தாள். சொல்லிக்கொடுத்தது. மூன்றரை மணி. அலுவலகத்துக்கு அரை மணி ஓட்டம். காற்றில் மழை வாசனை, தட்டிகளில் இன்னும் மீன். எந்த நிமிடமும் எழுந்து ஓடுவாள். அவள் எழவில்லை.

ஜி போட்டாள். பெரிதாக, நிதானமாக, கடைசி வளைவில் உள்பக்கமாக அந்த முள்ளோடு. ரெனாந்தே தாளை நோக்கிக் குனிந்தான். ஆனால் இந்த ஊரில் ஜி எதையும் சொல்லிவிடாது. அடுத்து ஏ. கல்யேகோவுக்கும் அதுதான், கர்காரிட்டாவுக்கும் அதுதான்.

மூன்றாவது எழுத்துக்குப் பேனாவைத் தூக்கினாள். அவன் தொடைக்கு அடியில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. கல்யேகோவின் சின்ன எல் என்றால் ஒரு நேர்க்கோடு, அவ்வளவுதான். கர்காரிட்டாவின் சின்ன ஆர் என்றாலும் முதலில் ஒரு நேர்க்கோடுதான், பிறகுதான் மேலே ஏறித் தோள் வளைக்க வேண்டும். உயரத்தை வைத்துச் சொல்லிவிடலாம், வேறு யாராவது எழுதினால். பேனா மெதுவாக, கோணாமல், மற்ற எழுத்துகளின் அதே உயரத்தில் கீழே இறங்கிற்று.

கீழே வந்து நின்றது. பேசினின் விளிம்பில் முதல் மழைத்துளி டிங்கென்று விழுந்தது. மனாங் தலைதூக்கி ஒரு கணம் மீன்களைப் பார்த்தாள். பேனாவை எடுக்கவில்லை. ஈரக்காற்றில் இளகிய தாளில், கோட்டின் அடியில், பேனா ஊன்றி நின்ற இடத்தில் மை ஊறி ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.