குறுக்கெழுத்து நாற்காலி

தேர் ரூஜ் கரும்புத் தோட்டத்தில் மானேஜர் க்ளெமான் குறுக்கெழுத்துப் போடும் நேரத்தில் மட்டும்தான் விடை சொல்லி உதவ, குமாஸ்தா நாகலிங்கத்துக்கு உட்கார நாற்காலி கிடைக்கும். அது முடியும்வரை துரை வேறெதிலும் கையெழுத்துப் போடமாட்டார்.

வாசலில் பூங்காவனம் நின்றிருந்தாள். ஆலையில் கை நசுங்கிய அவள் புருஷன் ரத்தம் நிற்காமல் மாட்டுவண்டியில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் சேர்க்கத் துரையின் சீட்டு வேண்டும்.

"இன்னும் ஒண்ணுதான். செத்தவன்கிட்ட கடைசியா மிஞ்சுறது. ரெண்டெழுத்து" என்றார் துரை.

போன வாரம் 'நாய்க்குப் பிடித்தது' என்று வந்த அதே எலும்புதான். பிரெஞ்சில் os, இரண்டே எழுத்து. நாகலிங்கத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. சொன்னால் எழுந்துவிட வேண்டும். வண்டியில் கிடப்பவன் போன மாதம் வேலைநிறுத்தத்தில் கத்தினவன்தானே, கொஞ்சம் பொறுக்கட்டும்.

"யோசிக்கிறேன், மிஸ்யே" என்று நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

வாசலில் ஒப்பாரி கேட்ட பிறகுதான் விடையைச் சொன்னான்.

துரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "சீட்டுக்கு இனி வேலையில்ல. நீ எழுந்திரு."