விற்பவரைப் பற்றி

1
இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. பதினோரு வருடம் கழித்து, முன்பு கையால் சோப்பு செய்து விற்ற சோப்பக்கா கூப்பிட்டார். "மறுபடியும் ஆன்லைன்ல கடை போடறேன் தம்பி. 'விற்பவரைப் பற்றி'ன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல என்ன எழுதட்டும்?"

போயும் போயும் என்னிடம் கேட்கிறாரே.

2
முதல் தொடக்கம்: சாக்கடை அள்ளும் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் கைகள்...

(வேண்டாம். அன்றும் இப்படித்தான் ஆரம்பித்தேன்.)

இரண்டாவது: யாரும் கடை வாடகைக்குத் தராதவர்களுக்கு இணையத்தில் கடை திறந்து கொடுப்பது அப்போது என் வேலை. மாடிப்படிக்குக் கீழே அறை, ஒரே கணினி, மூன்று நாற்காலி. அக்கா வந்தால் அறையே எலுமிச்சை வாசம். கம்பியால் அறுத்த சோப்பை ஒரு மாதம் காயவைத்துத் தினமும் புரட்டிப் போடுவார். படம் எடுக்க என் மேசைத் துணியை உருவிக்கொண்டு, "துவைச்சா வெள்ளையாகும்பா, சோப்பு வேணுமா?" என்பார். அந்த அறை எனக்குத் திரும்ப வேண்டும்.

3
அன்று கட்டத்தில் எழுத அவர் சொன்னது ஒரே வரி: "நல்லா நுரைக்கும், தோல் எரியாது." எனக்குப் போதவில்லை. எழுத்தாளன் ஆயிற்றே. அவரைக் கேட்காமல், அவர் அப்பா இறங்கிய சாக்கடையையும் அம்மா சுமந்த மலக்கூடையையும் எழுதினேன். ஆயிரம் பேர் இதயக்குறி போட்டார்கள். கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "கையுறை போட்டுத்தான் செய்றீங்களா?"

(போட்டுத்தான் செய்தார். சோப்புக்குக் கலக்கும் காரம் கையைச் சுடும். ஆனால் அதற்கு முன் வாங்கிய இருநூறு பேரில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.)

அந்த மாதம் ஒரு சோப்பும் போகவில்லை. அக்கா திட்டவில்லை. "உன் கதைய எல்லாரும் படிச்சாங்க தம்பி. சோப்பத்தான் யாரும் வாங்கல" என்றார். கடையை மூடினார்.

4
முடிவு ஒன்று: எதையும் சொல்லாமல் எழுதுகிறேன், சோப்பு விற்கிறது. (அவர் எதற்கு ஒளிய வேண்டும்?)

முடிவு இரண்டு: எல்லாவற்றையும் எழுதுகிறேன், இந்த முறை உலகம்

(முடிக்கத் தைரியம் வரவில்லை.)

நேற்றுக் கூப்பிட்டு, "எனக்குத் தெரியலக்கா" என்றேன்.

"அப்ப வாங்கறவங்களையே கேளு. கதையாவே எழுதிக் கேளு. இந்தத் தடவ நானே எழுதச் சொல்றேன்" என்றார்.

கேட்கிறேன். அவர் யார் வீட்டுப் பெண் என்று உங்களுக்குத் தெரியும். எலுமிச்சை சோப்பு, முகத்துக்குப் போடுவது. கட்டத்தில் என்ன எழுதட்டும்? சொல்வதற்கு முன், அந்தக் கையுறைக் கேள்வி உங்களுக்கும் வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.