பெரியவகிட்ட சொல்லிடாதே

வீட்டுச் செருப்போடு சரிவுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்த பெரியவளைக் காவலாளி மறித்தார்.

"டிக்கெட்டும்மா?"

"என் தங்கச்சியோட கண்காட்சி இன்னைக்கு. போனை அணைச்சு வெச்சிருக்கா. அம்மா காலைல போயிட்டாங்க, அதைச் சொல்லணும்."

அவர் சட்டென்று விலகினார்.

படுக்க வைத்த முட்டை போல இருந்தது அந்த வெள்ளைக் கட்டடம். உள்ளே ஒரு மூலைகூட இல்லை. சுவரே வளைந்து கூரையாகியிருந்தது. பெருக்குகிறவள் குப்பையை எங்கே ஒதுக்குவாள் என்று நினைத்தாள். இந்த நேரத்திலும் புத்தி அங்கேதான் போகிறது, தலையெழுத்து!

அப்போது அம்மா பேசினாள்.

சுவரில் வழுக்கி வந்து காதோரம் கேட்டது குரல். பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போர்வையை முகம்வரை இழுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு வைத்துவிட்டு, இவள் வீட்டில் கிடத்தி வந்த அம்மா! குரல் வந்த பக்கம் ஓடினாள்.

வட்ட அறை. ஆளுயரப் படத்தில் அம்மாவின் வெற்று முதுகு, சுருக்கம் சுருக்கமாக. அதற்கு மேல் ஒலிபெருக்கி.

"பெரியவ குளிப்பாட்டறது பாத்திரம் தேய்க்கிற மாதிரிதான். எலும்பே கழண்டுடும். உன் கை பூ மாதிரிடி. உன்கிட்ட இருக்க நான் கொடுத்து வைக்கலே."

யாரோ சிரித்தார்கள்.

"பெரியவகிட்ட சொல்லிடாதே. மனசு விட்டுடுவா."

மாசத்துக்கு ஒரு தரம் கேமராவோடு வந்து போனவளுக்குப் பூப்போன்ற கையாம்! ராப்பகலாக அள்ளிக் கொட்டியவளுக்குப் பாத்திரம் தேய்க்கிற கை! செத்தவளோடு சண்டை போட முடியுமா? அவளாவது மறைக்கச் சொன்னாள். கேட்டவள் ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டுகிறாள்.

"அக்கா!" தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அது... அம்மா ஏதோ சும்மா பேசினதுக்கா..."

"அம்மா போயிட்டா."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் ஒலிபெருக்கியில் குரல் முதலிலிருந்து தொடங்கியது. பெரியவள் படத்தைக் காட்டினாள்.

"கண்ணை வித்துச் சித்திரம் வாங்கறதைப் பத்திக் கேட்டிருக்கேன். நீ பெத்தவளையே மாட்டி வெச்சிருக்கே. வா, இன்னும் குளிப்பாட்டலே."

"நீதானேக்கா எப்பவும்..."

"அவ கேட்டது உன் கையை."

வீட்டில் பெரியவள் வெந்நீரைக் கட்டிலருகே வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள். தங்கை ஈரத்துணியை அம்மாவின் தோளில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். தண்ணீர் வழிந்து மெத்தை நனைந்தது.

"எப்படிக்கா புரட்டறது?"

பெரியவள் கையிலிருந்த துண்டை மடித்தாள். பிறகு அதைப் பிரித்து, மறுபடி மடித்தாள்.