மரக்கரண்டியின் காம்பு

மருமகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது குளியலறைப் பக்கமிருந்து அந்த உறுமல் வந்தது.

முதலில் அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேல்வீட்டுக்காரர்கள் கட்டிலையோ பீரோவையோ எந்நேரமும் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் ரகம். ஆனால் இது இழுக்கிற சத்தமில்லை. பெரிய பாத்திரத்தை இறுக மூடிக் கொதிக்கவிட்டால் உள்ளே முட்டி மோதுமே, அப்படி ஒரு சத்தம். கத்தியைப் போட்டுவிட்டுப் போய்க் கதவருகே நின்றாள். உள்ளே மாமனார் குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, சுவரில் மாட்டியிருந்த ஹீட்டர்தான் உறுமிக்கொண்டிருந்தது.

"மாமா! வெளிய வாங்க மாமா!"

பதில் இல்லை. வந்திருந்தால்தான் அதிசயம். மாமனாருக்குக் காது அவ்வளவு மந்தம். காதுக் கருவி ஒன்று இருக்கத்தான் செய்தது. விசில் அடிக்கிறது என்று அதை டப்பாவில் போட்டு ஃபிரிஜ் மேல் வைத்துவிடுவார். மகன் வீட்டில் இருக்கும்போது மட்டும், அவன் மனம் கோணக்கூடாதே என்று மாட்டிக்கொள்வார்.

இந்தக் குடியிருப்புக்கு வந்த புதிதில் மருமகள் அவரிடம் தொண்டை கிழியக் கத்தித்தான் பேசினாள். 'சாப்பிட வாங்க மாமா' என்பதை அந்த வேகத்தில் சொன்னால், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது சாப்பாட்டு அழைப்பாகவா கேட்கும்? எதிர்வீட்டம்மாவுக்கு அப்படிக் கேட்கவில்லை. அந்தம்மாவுக்கு மாடிப்படி முழுக்க 'ரேடியோ' என்றுதான் பெயர். "பாவம் பெரியவர், மருமக அந்தத் திட்டு திட்டுறா" என்ற செய்தி கீழ்த்தளம் வரை போய்ச் சுற்றிவிட்டுக் கணவரின் காதுக்கு வந்து சேர்ந்தது. "கொஞ்சம் மெதுவாத்தான் பேசேன்" என்றார் அவர், தயங்கித் தயங்கி.

அன்றைக்கு வாயை மூடியவள்தான். ரோஷக்காரி. மெதுவாகப் பேசினால் மாமாவுக்குக் கேட்காது, கத்தினால் ஊருக்கே கேட்கும், எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் ஜாடைக்கு மாற்றிவிட்டாள். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பாடு தயார். இரண்டு கைகளையும் மேலே மேலே உயர்த்தினால் பால் பொங்குகிறது, போய் அடுப்பை அணையுங்கள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் பகல் முழுக்க இரண்டு பேரும் இப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். மாமனாரும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கதவைத் தட்டினாள். தட்டினாள் என்ன, இடித்தாள். உள்ளே குவளை பாட்டுக்குத் தண்ணீரை மொண்டுகொண்டிருந்தது. அவசரத்துக்கு ஆகும் என்று கணவர் ஃபிரிஜ் கதவில் ஒரு பிளம்பரின் எண்ணை ஒட்டிவைத்திருந்தார். அந்த எண்ணை அழுத்தினாள்.

"யாரு?" என்றார் பிளம்பர், எதையோ மென்றுகொண்டே.

"ஹீட்டர் ஒரு மாதிரி சத்தம் போடுதுங்க. உடனே வாங்க."

"வரேன். என்ன மாதிரி சத்தம்?"

"வந்து பாருங்களேன்!"

"ஏம்மா, நான் என்ன பறந்தா வர முடியும்? ரோடெல்லாம் வண்டி அடைச்சுக்கிட்டு நிக்குது. நான் வந்து சேர்ற வரைக்கும் அங்க நீங்கதான் பிளம்பர். போனைக் கதவுகிட்ட பிடிங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவசரம் என்று கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள் என்று பார்த்தால், இந்த ஆள் டாக்டர் மாதிரி உட்கார்ந்த இடத்திலிருந்து கேள்வி கேட்கிறாரே என்று நினைத்தாள். ஆனாலும் போனைக் கதவோடு சேர்த்துப் பிடித்தாள்.

மெல்லுகிற சத்தம் நின்றது.

"சுவிட்சை அணைங்க" என்றார் பிளம்பர். குரலே மாறியிருந்தது. "அதோட விடாதீங்க. மீட்டர் பெட்டிகிட்ட ஹீட்டருக்குன்னு தனியா ஒண்ணு இருக்கும், அதையும் இறக்குங்க."

கதவுக்கு வெளியே இருந்த சுவிட்சை அணைத்தாள். ஓடிப்போய் மீட்டர் பெட்டியில் இருந்ததையும் இறக்கினாள். திரும்பி வந்து பார்த்தால் உறுமல் அப்படியே இருந்தது.

"இன்னும் நிக்கலைங்க!"

"உடனே நிக்காது. ஏறின சூடு இறங்கணும்ல. ஹீட்டருக்கு அடியில சின்னதா ஒரு குழாய் நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுல தண்ணி சொட்டுதா?"

"முன்னாடி எந்நேரமும் சொட்டும். தரையெல்லாம் ஈரமாயிடும், நான்தான் குனிஞ்சு குனிஞ்சு துடைப்பேன். இப்பக் கொஞ்ச நாளா நின்னுடுச்சு."

"நின்னுடுச்சா, நிறுத்துனீங்களா?"

"தானா நின்னுடுச்சுங்க."

"அது தானா நிக்காதும்மா. உள்ள அழுத்தம் ஏறினா வெளிய விடறதுக்குன்னே வெச்ச வழி அது. யாரோ அடைச்சிருக்காங்க. ஆட்டோமேட்டிக்கா அணையறதும் வேலை செய்யல போல, அதான் இப்படிக் கொதிக்குது." "வீட்டுல இருக்கிற எல்லாரும் வெளிய போங்க. எதையும் எடுக்க நிக்காதீங்க. அது வெடிச்சா சுவரையே பேத்துடும்."

"எங்க மாமா உள்ள குளிச்சிக்கிட்டு இருக்கார்" என்றாள். "தாழ்ப்பாள் போட்டிருக்கார். அவருக்குக் காது கேக்காது."

பிளம்பர் வேகவேகமாகச் சொன்னார்: "வெந்நிக் குழாயைத் திறக்க விட்டுடாதீங்க. திறந்தா தண்ணியா வராது, ஆவியாத்தான் பாயும். ஆளை வேகவெச்சிடும்."

மாமனார் குளிக்கிற வரிசை மருமகளுக்கு மனப்பாடம். தினமும் சமையலறையில் நின்று கேட்கிறாளே. முதலில் பச்சைத் தண்ணீர், குவளை குவளையாக. பிறகு சோப்பு, அப்போது ஒரு சத்தமும் வராது. சோப்புப் போட்டு முடிந்ததும் முழங்கால் வலிக்கு இதமாக வெந்நீர். அந்த முழங்காலுக்காகத்தான் அவர் சின்ன பிளாஸ்டிக் முக்காலியில், ஹீட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்து குளிப்பதும்.

இப்போது குவளைச் சத்தம் நின்றிருந்தது. சோப்பு போடத் தொடங்கிவிட்டார்.

குளியலறை விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள். பட்டப்பகலில் யார் அதைக் கவனிப்பார்கள்? கதவைத் தோளால் மோதிப் பார்த்தாள். தோள்தான் வலித்தது. சட்டென்று, துணி காயப்போடும் பின்பக்க பால்கனி ஞாபகத்துக்கு வந்தது. குளியலறை ஜன்னல் அங்கேதான் திறக்கும்.

"அங்கல்லாம் போகாதீங்கம்மா! நீங்க வெளிய போங்க!" என்று போனுக்குள் பிளம்பர் கத்தினார். அவள் போனைத் துவைக்கும் மெஷின் மேல் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள்.

ஜன்னலில் கம்பி இல்லை, வரிசையாகக் கண்ணாடிப் பட்டைகள்தான். இரண்டை உருவி எடுத்தாள். மாமனார் குளிக்கும்போது மருமகள் எட்டிப் பார்த்தாள் என்று ரேடியோவுக்குத் தெரிந்தால் இந்த ஜென்மத்துக்குப் போதும். நல்லவேளை, பெரியவர் இடுப்பில் துண்டோடு குளிக்கிறவர். முக்காலியில் முதுகை வளைத்து உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் ஹீட்டர் அதிர்வது அங்கிருந்தே தெரிந்தது.

அதன் அடியில் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாயையும் பார்த்தாள். அதன் வாயில் ஒரு மரக் கட்டை, நூல் சுற்றி, அழகாகச் செதுக்கி, நன்றாக அடித்து இறுக்கியிருந்தது. தேன் நிறம், ஒரு பக்கம் லேசாகக் கருகல். காணாமல் போன அவளுடைய மரக்கரண்டியின் காம்பு. அதைத் தேடித் தேடி, கடைசியில் ரேடியோதான் வாங்கிக்கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை என்று முடிவுகட்டி மனதுக்குள் திட்டித் தீர்த்திருந்தாள். காம்பை வெட்டியவர் இதோ சோப்பு நுரைக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

கொடியிலிருந்து துணி கிளிப்புகளைப் பிடுங்கினாள். முதல் கிளிப் சுவரில் பட்டுத் தெறித்தது. அடுத்தது முதுகில் விழுந்தது. அவர் ஈயை ஓட்டுகிற மாதிரி தோளை உதறிக்கொண்டார். மூன்றாவதைக் குறிபார்த்து வீசினாள். நட்டநடு வழுக்கையில் போய் விழுந்தது. அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்.

ஜன்னலில் மருமகளின் முகத்தைக் கண்டதும் பெரியவர் பதறிப்போய்த் துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவள் இரண்டு கைகளையும் உள்ளே நீட்டி மேலே மேலே உயர்த்தினாள். பொங்குது மாமா, பொங்குது. பிறகு ஹீட்டரைக் காட்டினாள்.

அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஹீட்டர் நடுங்குவது இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. முகம் வெளுத்தது. செய்தவர் அவர்தானே, புரிந்துவிட்டது. ஆனால் ஒரு வருஷமாக அந்த ஜாடையைப் பார்த்தால் அவர் செய்கிற காரியம் ஒன்றுதான்: நேரே போய் அதை நிறுத்துவது. கையை உயர்த்தி அந்தக் கட்டையைப் பிடித்தார்.

"தொடாதீங்க மாமா! ஐயோ, தொடாதீங்க!"

"எதைத் தொடறாரு?" மெஷின் மேலிருந்து பிளம்பர் அலறினார். "அடைப்பைப் பிடுங்க விடாதீங்க! மூஞ்சியெல்லாம் வெந்துடும்!"

அவள் கையை வேகமாக ஆட்டினாள். வேண்டாம் என்று சொல்வதாக அவள் நினைத்தாள். சீக்கிரம் என்று சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார். கட்டையைத் திருகத் தொடங்கினார். தொடாதே என்பதற்கு அவர்களிடம் ஜாடையே இல்லை; இத்தனை நாளில் அதற்குத் தேவை வந்ததே இல்லை. பயத்தில் மனசு வெறிச்சோடிக் கிடந்தபோது கை தானாக விரல்களைக் குவித்து வாயருகே வந்தது.

சாப்பாடு தயார்.

மாமனாரின் கை அப்படியே நின்றது. இந்த நேரத்தில் சாப்பாடா என்று குழம்பினார். ஆனால் அந்த ஜாடைக்கு மட்டும் அவர் ஒரு நாளும் தாமதித்ததில்லை. அவர் வந்து உட்காராமல் மருமகள் தன் தட்டைத் தொடமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை பாதி முகத்தைச் சவரம் செய்தபடி மீதிப் பாதி நுரையோடு வந்து உட்கார்ந்தவர். அவள் மறுபடியும் விரல்களைக் குவித்துக் காட்டினாள். மறுபடியும், மறுபடியும்.

அவர் கட்டையை விட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மருமகள் ஸ்டூலிலிருந்து குதித்து, போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். தாழ்ப்பாள் விலகிய சத்தம் கேட்டதும் சோப்பு வழுக்குகிற அந்தக் கையை எட்டிப் பிடித்து, கூடத்தைக் கடந்து, வாசலைக் கடந்து, மாடிப்படியில் இழுத்துக்கொண்டு இறங்கினாள். "என்னம்மா, என்ன?" என்று கேட்டுக்கொண்டே அவரும் தத்தித் தத்தி இறங்கினார்.

கீழ்த்தளத்துக்கு வந்து சேர்வதற்குள் மேலே துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தொடர்ந்து சீறல், நிற்காத சீறல். பால்கனி ஜன்னல் வழியாக வெள்ளை வெள்ளையாக ஆவி வெளியே வந்தது. கதவுகள் திறந்தன, ஆட்கள் இறங்கி ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ரேடியோ.

பிளம்பர் வந்தபோது சீறல் ஓய்ந்திருந்தது. யாரையும் கூட வர விடாமல் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் முக்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அதன் பலகை நடுவில் பிளந்து, மீதியெல்லாம் கொதிநீரில் இளகிக் கோணிக்கொண்டிருந்தது. பிளவில் மரக்கரண்டியின் காம்பு செருகிக்கொண்டு நின்றது.

"அடைச்சது பிச்சுக்கிட்டதால டாங்கி தப்பிச்சுது, வீடும் தப்பிச்சுது" என்றார். "ஆனா இதுல யாராவது உக்காந்திருந்தா..." பெரியவரின் தலையில் காய்ந்துகொண்டிருந்த சோப்பைப் பார்த்தார்.

மருமகள் முக்காலியைப் பார்த்தாள். அதுவரை பிடித்துவைத்திருந்ததெல்லாம் உடைந்துபோயிற்று.

"அறிவிருக்கா மாமா உங்களுக்கு?" என்று கத்தினாள். மாடிப்படி மொத்தமும் எதிரொலித்தது. "சொட்டினா சொட்டிட்டுப் போகுது! துடைக்கிறவ நான் இருக்கேன்ல? உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்? சொல்லுங்க, என்ன பண்ணுவேன்?"

"மெதுவாப் பேசும்மா, பாவம் பெரியவர்..." என்று தொடங்கினார் ரேடியோ.

"மெதுவாப் பேசினா அவருக்குக் கேக்காதுங்க!"

மாமனார் ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணில் வழிந்த சோப்பைத் துடைத்தார்.

"நீ தினம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அந்தத் தரையைத் துடைக்கறதைப் பார்த்தேன். அதான்" என்றார். பிறகு தயங்கி, "நீ வாய் திறந்து என்கிட்ட பேசி ஒரு வருஷம் ஆச்சும்மா. என் மேல ஏதோ கோபம்னு நினைச்சேன்" என்றார்.

மருமகள் வாயைத் திறந்தாள். உதடு மட்டும் அசைந்தது. அது அவருக்கு எப்படிக் கேட்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்து, நான்கு மாடிக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"கோபமெல்லாம் ஒண்ணுமில்ல மாமா!"

"சரிம்மா, சரிம்மா" என்று அவர் தலையாட்டினார். "சோப்பு எரியுது. தண்ணி கிடைக்குமா?"

ரேடியோ ஒன்றும் பேசாமல் தன் வீட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரப் போனார்.