கண்ணாடி இருந்த சுவர்

அரிசோனாப் பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்க வந்து நிற்கும் வண்டிவீடுகளுள் ஒன்று டெல்மருடையது. அதன் சமையலறைச் சுவரில், அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் மேலே, வண்டியைக் கட்டியவர்களே ஒட்டி அனுப்பிய கண்ணாடிகள் இருந்தன. தெறிக்கும் எண்ணெயை இரண்டாகக் காட்டுவதைத் தவிர அவற்றால் யாதொரு பயனும் இல்லை என்பது அவன் மனைவி லவோனின் கருத்து.

டெல்மருக்கு ஒரு பயன் இருந்தது. பக்கத்து வண்டிக்காரன் எல்வுட் வியாழன்தோறும் ரம்மி ஆட வருவான். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்காருவான். தோற்றவன் இரண்டு வண்டிகளின் கழிவுத் தொட்டிகளையும் குழாய் மாட்டிக் காலி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். பல குளிர்காலங்களாக அந்தக் குழாயை எல்வுட்தான் இழுத்துவந்தான். விழுந்த சீட்டையெல்லாம் நினைவில் வைத்திருப்பவன் என்று டெல்மரின் நினைவாற்றலோ முகாம் முழுவதும் பேர்பெற்றிருந்தது.

ஜனவரியில் லவோன் ஒட்டு டைல்ஸ் வாங்கி வந்தாள்.

"கண்ணாடி நல்லாத்தானே இருக்கு?" என்றான் டெல்மர்.

"உனக்கு ஏன் நல்லா இருக்காது? பாத்திரம் கழுவுறப்ப நான் எதைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்னு நெனைச்ச? சீட்டு ஆடுறப்ப உன் கண்ணு எங்க போகுதுன்னு வருஷக்கணக்கா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

டெல்மர் பட்டைக்கத்தியைத் தேடி எடுத்தான்.

பெயர்க்கும் வேலைக்கு உதவ வந்தவன் எல்வுட். டெல்மர் முதல் கண்ணாடியைப் பட்டைக்கத்தியால் நெம்பினான். பின்னாலிருந்த மெல்லிய ஒட்டுப்பலகையின் தோலும் சேர்ந்து உரிந்துவந்தது.

"நெம்பாதய்யா! இது என்ன செங்கல் சுவரா? இன்னும் ரெண்டு நெம்பு நெம்புனா பாலைவனம் தெரியும்."

எல்வுட் கண்ணாடி முழுவதும் நாடா ஒட்டினான். லவோனின் முடி உலர்த்தியால் சூடேற்றினான். பிறகு தூண்டில் நரம்பைப் பின்புறம் நுழைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இருவரும் அறுத்தார்கள். பசை விட்டுக்கொடுத்தது. கிழிந்த இடத்தில் மக்கு பூசிக் காயவிட்டு, டைல்ஸ் ஒட்டினார்கள். வெள்ளை நிறம், பளபளப்பற்றது. சுவர் இப்போது எவருடைய சீட்டையும் காட்டவில்லை.

அந்த வியாழன் டெல்மர் தோற்றான். எல்வுட் எந்தச் சீட்டுக்காகக் காத்திருந்தானோ அதையே எடுத்து எறிந்தான். அடுத்த வியாழனும் அவ்வாறே. கழிவுக் குழாயை அவன் கையாண்டு வெகுகாலம் ஆகியிருந்தது; ஆதலால் குழாயை மாட்டுமுன் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டான். முகாம் அதையும் பார்த்தது. காற்று அந்தப் பக்கம் வீசியதால் பார்க்காதவர்களும் அறிந்துகொண்டனர்.

வண்டியோட்டும் முதியவர்களின் மறதியை முதலில் கண்டுபிடிப்பவர்கள் பிள்ளைகள் அல்லர், பக்கத்து வண்டிக்காரர்களே. அது அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் கடமை. எல்லோரும் டெல்மரிடம் மெதுவாகவும் உரக்கவும் பேசத் தொடங்கினர். நோயாளி வீட்டுக்கு அனுப்புவதுபோலப் பாலாடைக்கட்டி தூவிய உணவுத் தட்டுகள் வந்தன. மார்ச் மாதத்து வியாழனொன்றில் எல்வுட் சீட்டுக்கட்டு இல்லாமல் வந்தான்.

"ஏப்ரல்ல ஊருக்கு, மொன்டானாவுக்குத் திரும்புறப்ப உன் வண்டிய நான் ஓட்டுறேன். என் வண்டிய என் பொண்டாட்டி பின்னால கொண்டுவருவா. நீ பக்கத்துல ஜம்முனு உக்காந்து வா."

ஓட்டுநர் இருக்கை போய்விட்டால் அந்த வண்டியில் டெல்மரும் ஒரு சாமான்தான். ஏமாற்றுக்காரனாக அதே இருக்கையில் இருப்பது மேல் என்று முடிவுசெய்தான்.

"எனக்கு மறதி ஒண்ணும் இல்ல, எல்வுட். இத்தனை வருஷமா உன்னை ஏமாத்தினேன். உன் சீட்டெல்லாம் கண்ணாடியில தெரிஞ்சுது."

எல்வுட் திரும்பிச் சுவரைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அங்க கண்ணாடி இல்லையே, டெல்மர். டைல்ஸ். நாம ரெண்டு பேரும் சேந்துதான ஒட்டினோம்?"

"அதுக்கு முன்னாடி!"

"ஆமாமா, முன்னாடி." எல்வுட் அவன் கையைத் தட்டிக்கொடுத்தான். எல்வுட்டின் கண்கள் கலங்கியிருந்தன. "நீயாவது, ஏமாத்துறதாவது. இந்த முகாம்லயே உன்ன மாதிரி நேர்மையான ஆளு கிடையாது."

"லவோன், சொல்லேன் இவன்கிட்ட!"

லவோன் கழுவுதொட்டிக் குழாயை நிறுத்திவிட்டுக் கைகளைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு எல்வுட்டை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"கொஞ்ச நாளா இப்படித்தான். வண்டிச் சாவி கொக்கியில தொங்குது, எடுத்துக்கோ."

ஏப்ரல் முதல் வாரத்தில் வடக்கே கிளம்பினார்கள். எல்வுட் நன்றாகவே ஓட்டினான். யூட்டா எல்லையைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, கையை நீட்டிக் காட்டினான்.

"டெல்மர்! அங்க பாரு, மலை! பெரிய மலை! தெரியுதா?"

தெரிகிறது என்றான் டெல்மர்.