சிவப்பு லேபிள் வண்டு

என் சகலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட எட்டு வயது சின்னவன், என் சிபாரிசில்தான் இந்தப் பூச்சி அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டே வருடத்தில் மாமியார் வீட்டில் அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். நான் பெரிய மாப்பிள்ளை. 'பெரிய' என்பது வயசாகிவிட்டது என்பதற்கு மரியாதையான சொல்.

ஆனால் அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு வண்டு. குப்பை மண்ணில் திரியும் பழுப்பு வண்டுகளில் சிலவற்றைத் தோளில் இருக்கும் மஞ்சள் புள்ளியை வைத்துத் தனி இனம் என்று பிரித்து, கல்யாணமான புதிதில் என் மனைவியின் பெயரை வைத்தேன். புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஒரு வண்டைத் தேர்ந்தெடுத்து, அதன் ஊசியில் சிவப்பு லேபிள் மாட்ட வேண்டும். பெயர் அந்த ஒரு வண்டுக்குத்தான் சொந்தம். மற்றவை அதன் இனமாக இருக்கும்வரை அந்தப் பெயரில் வாழலாம். என் மனைவிக்காயிற்றே என்று, இருந்ததிலேயே பளபளப்பான, ஆறு காலும் முழுசாக இருந்த வண்டைப் பொறுக்கினேன். லேபிளையும் நானே எழுதினேன். எங்கள் இடத்தில் சிவப்பு லேபிள் யாருடையதானாலும் எழுதுவது நான்தான். மற்றவர்கள் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும்.

அந்த வண்டின் படம் எங்கள் வீட்டு ஹாலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. இனத்தின் பெயருக்குப் பின்னால் பெயர் வைத்தவனின் பெயரையும் எழுதுவது வழக்கம். படத்தின் கீழே அவள் பெயர், அதை ஒட்டி என் பெயர். கல்யாணப் பத்திரிகையில்கூட அவ்வளவு நெருக்கமாக அச்சடிக்கவில்லை.

ஒருநாள் காலை சகலை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அண்ணே, உங்க வண்டுப் பெட்டியில ரெண்டு இனம் கலந்திருக்கு போல."

"போலன்னா?"

"ஆண் வண்டுகளோட வயித்தைத் திறந்து பாத்தேன். சிலதுல ஆணுறுப்போட நுனி நேரா இருக்கு, சிலதுல கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. மஞ்சள் புள்ளி ரெண்டுலயும் வருது."

வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இந்த வண்டுகளை அந்த உறுப்பைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். நுனி நேராக இருந்தால் எங்கும் கிடக்கும் பழைய இனம். அதற்கு எப்போதோ யாரோ பெயர் வைத்தாகிவிட்டது. கொக்கி இருந்தால் புதுசு.

"சிவப்பு லேபிள் வண்டை மட்டும் நான் தொடலண்ணே, அது உங்களுது. அதுல கொக்கி இருந்தா அண்ணி பேரு அப்படியே நிக்கும். எப்படி இருந்தாலும் கட்டுரையை நாம சேர்ந்தே எழுதலாம்."

நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உன் கட்டுரையில தொத்திக்கிற அளவுக்கு நான் வக்கத்துப் போகல," என்றேன். "உன் பேரை மட்டும் போட்டுக்க."

"அண்ணே..."

"மட்டும்னு சொன்னேன்."

இயக்குநரம்மாவிடமும் போய் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

வண்டை அவன் கையில் கொடுக்க மனம் வரவில்லை. காய்ந்த உடல் இளக, நானே வெந்நீரில் ஊறவைத்தேன். லேபிளைக் கழற்றிக் கொக்கி உள்ள வேறொரு வண்டின் ஊசியில் மாட்ட அரை நிமிடம் போதும். அந்த எண்ணம் வரவில்லை என்றால் பொய். ஆனால் என் அழகனின் படம்தான் ஹாலில் தொங்குகிறதே. தினமும் அதைத் தூசி தட்டும் என் மனைவியே கண்டுபிடித்துவிடுவாள்.

வளைந்த ஊசியால் உறுப்பை மெல்ல வெளியே இழுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஈர்க்குச்சி மாதிரி நேராக இருந்தது. தட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். அப்போதும் நேராகத்தான் இருந்தது.

திறந்தால் அழகு கெட்டுவிடுமே என்று அன்றைக்குத் திறக்காமலே விட்டிருந்தேன். கொக்கி உள்ளவையெல்லாம் அப்போது நான் லட்சணமில்லை என்று ஒதுக்கியவை. காலொடிந்தும் நிறம் மங்கியும் பெட்டியின் மூலையில் கிடந்தன. என் மனைவியின் பெயர் அன்று மதியம் செல்லாமல் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலையும் மச்சினியும் வீட்டுக்கு வந்தார்கள். அவன் ஹாலில் வண்டுப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அதில்கூட நாகரிகம்.

"அண்ணி, கொக்கி வண்டுக்கு உங்க பேரையே வைக்கத்தான் ஆசை. ஆனா ஒரு தடவ வச்ச பேரை அதே வகையில இன்னொண்ணுக்கு வைக்கக் கூடாது. அதான் 'பொம்மி'ன்னு வைக்கலாமான்னு..."

பொம்மி என்பது என் மனைவியின் செல்லப் பெயர், அக்காவும் தங்கையும் தங்களுக்குள் மட்டும் புழங்குவது. நான் ஒரே ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டு, "நீங்க கூப்பிட்டா நல்லால்ல" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பெயருக்குப் பின்னால், இனி எல்லாப் புத்தகங்களிலும், அவன் பெயர்.

"கேலிக்கூத்தா இருக்கு," என்றேன். "உன் பொண்டாட்டி பேரை வச்சுக்கயேன்."

"நான்தான் வேணாம்னேன் மாமா," என்றாள் மச்சினி. "அக்கா பேரு போச்சுன்னதும் மனசு கேக்கல."

என் மனைவி சகலையிடம் கேட்டாள். "எந்த வண்டுக்கு லேபிள் மாட்டப் போறீங்க?"

"அஞ்சு கால்தான் இருக்கு அண்ணி. பாக்க சுமார்தான்."

"உள்ள திறந்து பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"அப்ப வையுங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க பளபளன்னு இருந்ததைப் பாத்தே பேர் வச்சுட்டீங்க. உங்களுக்கு எப்பவும் அது போதும்."

என் பெயரையும் சேர்த்துக்கொள் என்று சகலையிடம் கேட்க வாய் வரை வந்தது. நான் சொன்ன 'மட்டும்' குறுக்கே நின்றது.

மறுநாள் அவன் அஞ்சுகால் வண்டையும் வெற்றுச் சிவப்பு லேபிளையும் என் மேஜையில் வைத்தான்.

"வேற யாரையாவது எழுதச் சொல்லட்டுமாண்ணே?"

"என் வேலையை வேற எவன் செய்வான்?"

எழுதுவதற்கு முன் மைக்ரோஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்தேன், நுனி நேராக இருந்துவிடாதா என்று. வளைந்துதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, என் அழகான கையெழுத்தில், பொம்மி என்று எழுதினேன். லேபிளில் இன்னும் ஒரு பெயருக்கு இடம் இருந்தது. அதில் அவன் பெயரை எழுதி, மை காயும்வரை ஊதினேன்.